நான்கு எலுமிச்சம்பழமும் கிளட்ச் இல்லாத வண்டியும்

போன வாரம்கூட முரளி கூப்பிட்டான். நான் வேலை பார்த்த கார் ஷோரூமில் இப்போது டெலிவரி பிரிவு அவன் பொறுப்பில் இருக்கிறது.

"மேடம், ஒரு பார்ட்டி வந்திருக்காங்க. அம்பது வயசு லேடி. ஓட்டறதுக்கு ஈஸியான வண்டி வேணுமாம். ஆட்டோமேட்டிக் காட்டட்டுமா, இல்ல சாதா வண்டியில சென்சார் போட்டுக் குடுக்கட்டுமா?"

"எந்த இடத்துல பயம்னு கேட்டியா?"

"ஐயோ, மறந்துட்டேன் மேடம்."

"போய்க் கேளு. அப்புறம் பேசலாம்."

இந்தக் கேள்வி என்னுடையது அல்ல. எனக்கு மேலதிகாரியாக இருந்த சாமுவேல் சாருடையது. அதை எழுதி வையுங்கள் என்று முரளி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இப்போது வரும் வண்டிகளில் சிலவற்றில் கிளட்ச் கிடையாது. பின்னால் எதையாவது இடிக்கப் போனால் சென்சார் கத்துகிறது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும், மிச்சத்தை வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று ஓர் எண்ணம் வந்துவிட்டது. எழுத உட்கார்ந்ததற்கு அது ஒரு காரணம். போன மாதம் என் வீட்டில் நடந்தது இன்னொரு காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஷோரூம் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருந்தது. நான் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். ரசீது அடித்தேன், இன்ஷூரன்ஸ் தாள்களைப் பார்த்தேன், பிறகு கார் வாங்க வரும் பெண்களோடு பேசுவதற்கு ஒரு பெண் வேண்டும் என்று என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். வண்டி ஓட்டத் தெரியாதவள் வண்டியைப் பற்றிப் பேசக் கூடாது என்று சாமுவேல் சார் சொன்னதால், கேம்ப் ரோட்டில் பள்ளி வேன்கள் கிளம்புவதற்கு முன் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் ஒரு தென்னங்கன்றைச் சாய்த்தேன். அதற்குமேல் அந்தப் பருவத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் டெலிவரி பிரிவுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். நிறுவனம் கைமாறியபோது மூத்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

சாமுவேல் சார் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்குமோ இல்லையோ, கால்சட்டைப் பையில் ஒரு மஞ்சள் துணி இருக்கும். பேசிக்கொண்டே எதையாவது துடைப்பார். விற்பனைப் பையன்கள் வழவழப்பான விளக்கப் புத்தகத்தை விரித்தால், அதை மெதுவாக மூடி வைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் கேட்பார்:

"எந்த இடத்துல பயம்?"

முதலில் எல்லோரும், பயமெல்லாம் இல்லை என்பார்கள். அவர் காத்திருப்பார். பிறகு வரும். ஒருவருக்கு ரயில்வே பாலத்து ஏற்றம். முன்னால் லாரி நின்றுவிட்டால் வண்டி பின்னால் உருளுமே என்ற பயம். ஒருவருக்குச் சேலையூரில் வீட்டுச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது. ஒரு குள்ளமான அம்மாளுக்கு, முன்பக்கம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பெருங்களத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்குத் தோள்வலி. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாமல் போய்விடுமோ என்று பயம். ஏற்றத்துக்குப் பயப்படுகிறவருக்கு சென்சாரால் பயனில்லை. சந்துக்குப் பயப்படுகிறவருக்கு ஆட்டோமேட்டிக் வேண்டியதில்லை. குள்ளமானவருக்கு முதலில் வேண்டியது உயர்த்தக்கூடிய சீட். தோள்வலிக்காரருக்கு பவர் ஸ்டியரிங். பயப்படும் இடம் தெரிந்தால் வண்டி தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அதற்குப் பிறகு வாங்க வந்தவரை ஓட்டும் சீட்டில் உட்கார வைப்போம். பிரேக்கை அடிவரை அழுத்தச் சொல்வோம். அழுத்திய பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். விரல் நுனி மட்டும் எட்டினால் போதாது. கதவை மூடிவிட்டு, கண்ணாடிகளில் என்ன தெரிகிறது என்று சொல்லச் சொல்வோம். பிறகுதான் சாலை. அதுவும் காலியான சாலைக்குப் போக மாட்டோம். அவர் பயப்படும் இடத்துக்கே ஓட்டிப் போவோம். பாலம் என்றால் பாலம், சந்து என்றால் அவர் வீட்டுச் சந்து. "காலி ரோட்டுல எல்லா வண்டியும் ஈஸிதாம்மா" என்பார் சார்.

சென்சார் வந்த புதிதில் கோவளத்திலிருந்து ஒரு மீன் ஏலக்காரர் கார் வாங்கினார். கடற்கரையில் நூறு பேருக்கு நடுவில் ஏலம் கூறிப் பழகிய குரல். ரிவர்ஸ் எடுக்கும்போது படகுக்காரர்கள் கட்டுமரத்தைக் குறுக்கே போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அவர் பயம். பின் பம்பரில் நான்கு வட்டப் பொட்டுகளாக சென்சார் பொருத்திக் கொடுத்தோம். ஆயுத பூஜை முடிந்த மறுநாள், வாழைக்கன்று கட்டிய வண்டியோடு ஷோரூம் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாக்கா இது! கத்திகினே கீது! பின்னால ஈ காக்கா இல்ல, ரிவர்ஸ் போட்டா கூவுது. வூட்ல புள்ளைங்க தூங்க முடியல. பெரிய பேஜாரா கீது."

சாமுவேல் சார் வண்டியின் பின்னால் போய்க் குந்தினார். மஞ்சள் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினார். நான்கு சென்சாரின் மேலும் அழகாக, அளவாக, சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தது. பொட்டு வைக்கத் தோதாக வட்டமாக இருந்தால் வீட்டுப் பெண்கள் வேறு எங்கே வைப்பார்கள்?

"சார், சார்! சாமிக்கு வெச்ச பொட்ட அழிக்கிறியே!"

"வண்டிக்கு கண்ணு இங்கதாண்ணே இருக்கு. கண்ணுல சந்தனம் அப்பினா கத்தாம என்ன பண்ணும்?"

"அப்போ பொட்டு எங்க வெக்கிறது?"

"நம்பர் பிளேட்டுக்கு மேல வைங்க. அதுக்குக் கண் தெரிய வேணாம்."

ஏலக்காரர் சிரித்துவிட்டார். "நம்ம வூட்லயும் அப்டிதான் சார். கண்ணுல தூசி பட்டா நாள் பூரா கத்துவாங்கோ." அதன்பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கு முன்பும் வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, சென்சாரில் பொட்டு வைக்காதீர்கள் என்று சொல்வது எங்கள் பிரிவின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

நான் நீளமாகச் சொல்ல வேண்டியது கலாவதி டீச்சரைப் பற்றி.

சேலையூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இடது முழங்காலில் தேய்மானம். கிளட்ச்சை மிதித்து மிதித்து வலி தாங்கவில்லை. அவருடைய பயம் பாலத்து ஏற்றம். இரண்டுக்கும் ஆட்டோமேட்டிக்தான் சரி. சாமுவேல் சார் அவரைப் பாலத்தில் நாலு முறை ஏற்றி இறக்கினார். டீச்சர் நன்றாகவே ஓட்டினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாகவே நகர்கிறதே என்று குழந்தை போல மகிழ்ந்தார்.

டெலிவரி நாளில் குடும்பமே வந்தது. மாலை, சந்தனம், தேங்காய், கற்பூரத் தட்டு எல்லாம் ஆயிற்று. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதை நசுக்கிக்கொண்டு புது வண்டி முதல் அடி எடுத்து வைக்க வேண்டும், திருஷ்டி கழியும். எங்கள் ஊரில் இது இல்லாமல் எந்த வண்டியும் ஷோரூமை விட்டு இறங்காது. சாமுவேல் சார் தேவாலயத்துக்குப் போகிறவர். ஆனாலும் அன்று பழம் வைக்க அவரும்தான் குனிந்தார். டீச்சரின் கணவர் வண்டிக்கு நேர் முன்னால், தட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் வாசல் தூண்.

டீச்சர் கியரைப் போட்டு பிரேக்கை விட்டார். வண்டி நகரவில்லை.

ஏன் என்று அந்த நேரத்தில் எங்களுக்குத் தோன்றவில்லை. தானாக நகரும் வண்டிக்கு அந்த நகர்வில் பெரிய வலு கிடையாது. சக்கரத்தோடு ஒட்டி, இறுக்கி வைத்த நான்கு பழங்களே கல் வைத்தது போல அதை நிறுத்திவிடும். கிளட்ச் வண்டியில் இந்தப் பிரச்சினை வருவதில்லை. அதில் கிளம்புவதற்கு எப்படியும் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டுத்தான் ஆக வேண்டும், கிளட்ச்சை வைத்து அதை அடக்கவும் முடியும்.

"குடு கலா, கொஞ்சம் குடு!" என்றார் கணவர். மைத்துனர்கள் கை தட்டினார்கள். டீச்சர் கொஞ்சம் கொடுத்தார். இன்னும் கொஞ்சம். பழம் சட்டென்று நசுங்கியது. வண்டி பாய்ந்தது.

பயந்த டீச்சர், இருபது ஆண்டுப் பழக்கத்தில் இடது காலால் ஓங்கி மிதித்தார். அங்கே கிளட்ச் இல்லை. வெறும் தரை. அந்த வேகத்தில், ஆக்ஸிலரேட்டரில் இருந்த வலது காலும் கூடவே அழுந்தியது.

சாமுவேல் சார் எப்போதும் ஓட்டுகிறவரின் ஜன்னலோரம்தான் நிற்பார். வண்டியோடு சேர்ந்து ஓடி, ஜன்னல் வழியே கையை விட்டு சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. கணவர் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார், முழங்கையில் சிராய்ப்பு. வண்டி தூணைத் தொட்டும் தொடாமலும் நின்றிருந்தது. தட்டு எங்கோ உருண்டு போய்ச் சுற்றிச் சுற்றி அடங்கிய சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. பின்சக்கரம் சாமுவேல் சாரின் இடது பாதத்தின் மேல் ஏறி இறங்கியிருந்தது.

தரையில் உட்கார்ந்தபடி அவர் சொன்னார்: "டீச்சரை யாரும் எதுவும் சொல்லாதீங்க. முதல்ல அவங்களுக்குத் தண்ணி குடுங்க."

பல வாரம் கழித்து வேலைக்கு வந்தார். இடது ஷூவின் பக்கவாட்டை வெட்டித் திறந்து, கோணிப்போன பாதத்தை அதற்குள் வைத்திருந்தார். கடைசிவரை அப்படித்தான் ஷூ போட்டார். வந்த முதல் நாளே என்னை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் டீச்சர் வீட்டுக்குப் போனார். கார் வாசலில் உறை போட்டு மூடிக் கிடந்தது. டீச்சர் அவர் காலைப் பார்த்து அழுதார்.

"வித்துடுங்க சார். எனக்கு வேணாம்."

"விக்கலாம் டீச்சர். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாலம் வரைக்கும் போய்ட்டு வரலாமா? எனக்கு ஆட்டோவுல கால் இடிக்குது. நீங்கதான் கொண்டுபோய் விடணும்."

டீச்சர் மறுத்துப் பேச முடியாமல் சாவியை எடுத்தார். உட்கார்ந்ததும் சார் சொன்னார்: "இடது கால் செருப்பைக் கழட்டிப் பின் சீட்டுல போடுங்க. அந்தக் காலை சீட்டோட ஒட்டி மடக்கி வைங்க. வெறுங்கால் வேலை செய்யாது டீச்சர், அதுக்கு லீவுன்னு தெரிஞ்சிடும்."

அன்று டீச்சர் எங்களை ஷோரூம்வரை கொண்டுவந்து விட்டார். இன்றுவரை அதே வண்டியை, இடது காலில் செருப்பில்லாமல்தான் ஓட்டுகிறார் என்று கேள்வி.

அதன்பின் எங்கள் டெலிவரியில் முறை மாறியது. பழம் வைக்கலாம், ஆனால் பாதியாக நறுக்கிய பழம், சக்கரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி. வண்டி கொஞ்சம் உருண்டு வந்து அதன்மேல் ஏறும். முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது, கற்பூரத் தட்டு காட்டுகிறவரும் பக்கவாட்டில்தான். நகரவில்லை என்றால் ஆக்ஸிலரேட்டரைத் தொடக் கூடாது. இறங்கிப் பழத்தை எடுக்க வேண்டும். இடது செருப்பு பின் சீட்டில். சில குடும்பங்கள் முகம் சுளித்தன. நறுக்கிய பழம் சாஸ்திரத்தில் இல்லை என்றார்கள். "சாஸ்திரம் எழுதினப்போ ஆட்டோமேட்டிக் வரல" என்பார் சார், துடைத்துக்கொண்டே.

இனி என் வீட்டு விஷயம்.

என் மகள் நிவேதாவுக்கு சிறுசேரியில் வேலை. இதுவரை அலுவலக வேனில் போய்வந்தாள். பிரிவு மாறியதும் வேன் நேரம் ஒத்துவரவில்லை. வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் சாலையில் தானே ஓட்டிப் போகிறேன் என்றாள். அந்தச் சாலையில் மணல் லாரிகள் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். யாருக்கு என்ன வண்டி என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், என் மகளுக்கு என்றதும் எல்லாமே வேண்டும் என்று நின்றேன். ஆட்டோமேட்டிக், சென்சார், காற்றுப் பை, வழுக்காமல் நிற்கும் ஏ.பி.எஸ். பிரேக். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ம்மா, நீ எல்லாரையும் ஒரு கேள்வி கேப்பியே, என்னைக் கேக்கவே இல்ல?"

"சரி, சொல்லு. எந்த இடத்துல பயம்?"

"நீ பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிற இடத்துல."

என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நிஜமாதான்ம்மா. நீ 'ஸ்ஸ்'னு மூச்சை இழுக்கிற பாரு, லாரியை விட எனக்கு அதுதான் பயம். ஒவ்வொரு தடவையும் எதையோ இடிச்சிட்டேன்னு நினைச்சுக்கிறேன்."

அதற்கு எந்தக் கம்பெனியும் கருவி தயாரிக்கவில்லை. கடைசியில் ஆட்டோமேட்டிக்கே எடுத்தோம். அந்தச் சாலையின் நின்று நின்று போகும் நெரிசலுக்கு அது பொருத்தம் என்று அவளே சொன்னாள். எங்கள் பழைய ஷோரூமில் அவள் கேட்ட கம்பெனி வண்டி கிடையாது. வேறொரு இடத்தில் எடுத்தோம்.

டெலிவரி அன்று அங்கே நான் வெறும் அம்மா. கழுத்துப்பட்டி அணிந்த ஒரு இளைஞர் சுறுசுறுப்பாக வந்து, கண் இமைப்பதற்குள் நான்கு முழுப் பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் அழுத்திச் செருகினார். "தம்பி, கொஞ்சம் தள்ளி..." என்று நான் ஆரம்பித்தேன். "நாங்க பாத்துக்கறோம் ஆன்ட்டி, தினமும் பண்றதுதான். நீங்க போட்டோவுக்கு நில்லுங்க" என்றார். என் கணவர் கற்பூரத் தட்டோடு வண்டிக்கு நேர் முன்னால் போய் நின்றிருந்தார். பின்னால் கண்ணாடிச் சுவர். நிவேதா உள்ளே ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள்.

பிரேக்கை விட்டாள். வண்டி நகரவில்லை.

"ஆக்ஸிலேட்டர் குடுங்க மேடம்! குடுங்க, குடுங்க!" என்றார் இளைஞர். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

எனக்குக் குரல் வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று என்னைவிடத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி வழியே அவள் தலை குனிவது தெரிந்தது. இன்ஜின் சத்தம் ஒரு இழை ஏறியது. என் கணவர் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தச் சத்தம் இறங்கியது. நின்றது.

கதவு திறந்தது. நிவேதா இறங்கினாள். இடது காலில் செருப்பு இல்லை. "அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்றாள். குனிந்து, ஒவ்வொரு சக்கரமாகப் போய், பழங்களைப் பிடுங்கி எடுத்தாள். ஒன்று வர மறுத்தது. காலால் தட்டி எடுத்தாள். நான்கையும் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"வெச்சுக்கம்மா. வீட்டுல ஜூஸ் போட்டுக்கலாம்."

"மேடம், திருஷ்டி..." என்றார் இளைஞர்.

"பரவால்ல அண்ணா. இருந்துட்டுப் போகட்டும்."

ஏறி மறுபடி ஸ்டார்ட் செய்தாள். பிரேக்கை விட்டாள். வண்டி, யாரோ பின்னாலிருந்து லேசாகத் தள்ளியது போல, கண்ணாடிச் சுவரை விட்டு வளைந்து, சத்தமில்லாமல் வெயிலுக்குள் நகர்ந்து போய் நின்றது.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பிற்பாடு வீட்டில் கேட்டேன். சின்ன வயதில், ஒரு கிறிஸ்துமஸுக்கு சாமுவேல் சார் வீட்டுக்கு அவளை அழைத்துப் போயிருந்தேன். அந்த வெட்டிய ஷூ ஏன் என்று அவரிடமே கேட்டாளாம். அவரும் அவளுக்கு முழுக்கதையையும் சொன்னாராம், கேக்கை வெட்டிக்கொண்டே. எனக்குத் தெரியாது. "கொஞ்சம் குடுத்துட்டேன்ம்மா. அப்புறம் அந்த ஷூ ஞாபகம் வந்துச்சு" என்றாள்.

நடக்காத ஒன்றைப் பற்றி இத்தனை எழுதியிருக்கிறேன். ஒரு மாதமாகிறது. குக்கர் விசில் அடித்தால்கூட இன்ஜின் சத்தம் ஏறுவது போல ஒரு கணம் உடம்பு நின்றுவிடுகிறது. முரளிக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: சென்சார் பின்னால் இருப்பதைப் பார்க்கும். முன்னால் தட்டோடு நிற்கும் அப்பாவை ஓட்டுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

அன்று வாசலில், என் கணவர் தட்டை இளைஞரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். "கையில என்ன ஒழுகுது?" என்றார். பார்த்தேன். நான்கில் ஒரு பழம் என் விரல்களுக்குள் நசுங்கிப் போயிருந்தது. சாறு முழங்கை வரை இறங்கியிருந்தது.

"சரி, திருஷ்டி கழிஞ்சிது. வா, ஏறு" என்றார்.

நிவேதா எட்டி, முன்பக்க இடது கதவை எனக்காகத் திறந்து வைத்திருந்தாள். நான் அதைச் சாத்திவிட்டு, பின் சீட்டில் கிடந்த அவள் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்து, அங்கே ஏறிக்கொண்டேன்.